கால் பார்க்கிற சிஸ்டர்

அந்த சிஸ்டரின் முகத்தை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் வெள்ளை முக்காட்டின் உச்சிதான் வருகிறது. குனிந்த தலை. அதற்குக் கீழே இரண்டு கைகள், ஒரு பிளாஸ்டிக் பேசின், அதில் யாருடைய காலோ. முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏழெட்டு வருடம் எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்தார். என்னோடு எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார். ஆனாலும் மூக்கு எப்படி, கண் எப்படி என்று யாராவது கேட்டால் நான் முழிக்கத்தான் வேண்டும். அவரும் என் முகத்தை மறந்திருப்பார், சத்தியமாகச் சொல்கிறேன். என் காலைக் காட்டினால் பெயர், ஊர், வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பது வரை சொல்லிவிடுவார்.

எங்கள் ஊர் சின்னமனூரைத் தாண்டி, ஆற்றுப் பாசனத்துக்கும் திராட்சைப் பந்தல்களுக்கும் நடுவில் இருக்கிறது. காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது மலை இருக்காது, வெறும் மேகம்தான். பூசை முடிந்து வெளியே வந்தால், நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் யாரோ கொண்டுவந்து நிறுத்தியதைப்போல மலை நிற்கும். அப்படியொரு காலையில்தான் அவரை முதலில் பார்த்தேன். கோயில் வாசலில் செருப்புக் குவியல் பக்கம் நின்றுகொண்டு என் குதிகாலைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வெடிப்புல என்ன வெதைக்கப் போறீக? கடலையா, சோளமா?"

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட ஆபீஸில் நாள் முழுக்க நாலு பேரை அதட்டிக்கொண்டிருக்கிறவள் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"மழை பெய்யட்டும் சிஸ்டர், பாத்துச் சொல்றேன்."

அவர் சிரித்த சிரிப்பில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மலையாளக் கரையில் பிறந்தவர். தமிழை நோயாளிகளிடமே படித்ததால் "வந்தாக, போனாக" என்று எங்களைவிடச் சுத்தமாக எங்கள் பேச்சைப் பேசுவார். திடுக்கிட்டால் மட்டும் "என்டெ மாதாவே" என்று வாயிலிருந்து விழுந்துவிடும்.

நர்ஸ் படித்தவர். சிஸ்டர்கள் மடத்தில் இரண்டு அறையில் ஒரு சின்ன மருந்தகம் நடத்தினார். ஆனால் அவருடைய நிஜமான ஆஸ்பத்திரி அந்தச் செருப்புக் குவியல்தான். எல்லாரும் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது, கடைசி ஆளாக வரும் அவர் குனிந்து ஒவ்வொரு செருப்பாகப் புரட்டிப் பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு என்றால் அந்த ஆளுக்கு முழங்காலில் கோளாறு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தால் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை ஒரு ஆண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலில் நின்றார். செருப்புக்குச் சொந்தக்காரர் வந்தார், வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர். செருப்பின் அடியிலிருந்து மேலே முளைத்து நின்ற ஆணியை சிஸ்டர் காட்டினார். அந்த அண்ணன் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. எத்தனை நாளாக அந்த ஆணியின் மேல் நடந்தாரோ, அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பிரயோஜனம், என் வீட்டிலேயே அது நடமாடியது என் புத்திக்கு எட்டவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவுவார் அல்லவா? எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் பங்குச்சாமியிடம் கேட்டாராம், "சுத்தமான காலக் கழுவுறதுக்கு எதுக்கு சாமி தண்ணி? மத்தவுக காலெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" பங்குச்சாமி சின்ன வயதுக்காரர். சிரித்துவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். பங்குப் பேரவையில்தான் பிரச்சினை வந்தது. கோயிலை ஆஸ்பத்திரி ஆக்காதீர்கள் என்று பெரியவர்கள் குதித்தார்கள். சிஸ்டர் அசரவில்லை.

"ஆண்டவரு ஊரூராப் போயி என்ன செஞ்சாரு? பாதி நாளு ஆஸ்பத்திரி வேலதான பாத்தாரு!"

அப்படித்தான் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அந்த வழக்கம் வந்தது. சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் முற்றத்துத் தென்னங்கீற்றுப் பந்தலில் பேசின்களை வரிசையாக வைப்பார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார வேண்டும். ஒருவர் காலை இன்னொருவர் கழுவித் துடைத்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிடித்து, விரலுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை அந்த விரலையும் அதன் அடியையும் இடுக்கையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து விரலுக்குப் பத்து. உள்ளங்காலுக்கு ஒரு பரலோக மந்திரம். பழக்கத்தில் நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். சிஸ்டர் தலையில் தட்டாத குறையாகச் சொல்வார், "கண்ணத் தெறங்க. இந்தச் செபத்துக்குக் கண்ணு தெறந்திருக்கணும்."

முதல் வாரம் ஒரே சிரிப்பு. "கல்யாணமாகி முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் எங்காலு இந்த மனுசன் கண்ணுல பட்டிருக்கு!" என்று ஒரு சித்தி சத்தம் போட்டாள். அவள் புருஷன் தலையை நிமிர்த்தாமல் மூன்றாவது விரலில் இருந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து சிரிப்பு அடங்கிவிட்டது. கணவாய்க் காற்று கீற்றுகளுக்குள் புகுந்து வரும். ஒரு குடும்பம் இரண்டாவது விரலில் இருக்கும், இன்னொன்று எட்டாவதில். எல்லாக் குரலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எந்த வார்த்தை என்று பிரிக்க முடியாமல், தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து ஓடும். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே எனக்குச் சில நேரம் சந்தேகம் வரும். அந்த நடுவில் வெள்ளை முக்காடு மட்டும் பேசின் பேசினாக நகர்ந்துகொண்டிருக்கும்.

அப்பா மட்டும் வரவில்லை.

அம்மா போன பிறகு நானும் என் மகளும் அப்பாவோடுதான் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. முந்தின ஐப்பசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா ஆஸ்பத்திரி நடையில் நின்றபடியே செருப்பைக் கழற்றினார். பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடந்து வருகிறேன், அதுவரை காலில் செருப்பு ஏறாது என்று மாதாவிடம் சொன்னார். பிள்ளை பிழைத்தது. அந்தச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்த ஆவணியில் ஊர்க்காரர்களோடு நடப்பதாக ஏற்பாடு.

மாசி, பங்குனி வெயிலில் தார் ரோட்டில் அப்பா வெறுங்காலில் நடந்து போவார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். "சுடலையா மாமா?" என்று கேட்டால் இல்லை என்று தலையசைப்பார். எனக்கு மட்டும் ஒருநாள் காரணம் சொன்னார்.

"ஏத்தா, கனாவுல மாதா முன்னாடி நடந்து போறா. சேல நுனி நனைஞ்சிருக்கு. அவ போற தடமெல்லாம் ஈரம். நான் அந்த ஈரத்துலயே காலு வச்சுப் போறேன். அதான் சுடல போல."

சொல்லும்போது அவர் முகத்தில் அம்மா இருந்த காலத்துக் களை வந்தது. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறவர்கள் அப்பாவை அழைத்து முதலில் நடக்கவிட்டார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. என் பிள்ளை பிழைத்ததற்கு மாதா போட்ட கையெழுத்து அது என்று எனக்கும் ஒரு நினைப்பு. அப்பா சிஸ்டரைக் கண்டால் மட்டும் பக்கவாசல் வழியாக நழுவுவார். "அந்தம்மா பார்வையே சரியில்லத்தா. ஆள விட்டுட்டு காலப் பாக்குது."

நாலாவது வெள்ளிக்கிழமை என் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். பேத்தி இழுத்தால் அப்பா வராமல் இருப்பாரா? நான் பேசின் முன்னால் உட்கார்ந்தேன். வலது காலைக் கழுவித் துடைத்து, பெருவிரலிலிருந்து தொடங்கினேன். நாலாவது விரலைத் தூக்கிப் பார்த்ததும் என் செபம் பாதியில் நின்றுவிட்டது. விரலுக்கு அடியில் ஒரு துளை. துளைக்குள் துருப்பிடித்த கம்பித் துண்டு, எங்கள் திராட்சைப் பந்தல் கம்பி. சுற்றிலும் சதை வெளுத்து ஊறியிருந்தது. நாற்றம் வந்தது.

"என்னத்தா நிறுத்திட்ட?" என்றார் அப்பா, சாவகாசமாக.

சிஸ்டர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "என்டெ மாதாவே" என்று மெதுவாகச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. என்னை நகர்த்திவிட்டு அவர் உட்கார்ந்தார். "இன்னும் ஏழு இருக்கு, முடிச்சிருவோம்" என்று மிச்ச ஏழு விரலுக்கும் நிதானமாகச் சொல்லி முடித்தார். பிறகு கம்பியை எடுத்துக் கட்டுப்போட்டார். அப்பா அந்த நேரம் முழுக்கப் பேத்தியோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

கட்டுப்போட்டதும் சிஸ்டர் பையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்தார். அதன் நுனியில் ஒரு நைலான் இழை இருந்தது.

"அண்ணே, கண்ண மூடிக்கிருங்க. நான் காலுல தொடுவேன். தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

அப்பா நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டர் இழையால் பெருவிரலைத் தொட்டார். அழுத்தினார். உள்ளங்கால், குதிகால், இடது கால். பத்து இடமாவது இருக்கும். நான் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"எப்ப ஆரம்பிப்பீக சிஸ்டர்?"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் குச்சியைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னார். காலில் உணர்ச்சி போய்விட்டது, வெகுநாளாகச் சர்க்கரை இருந்திருக்க வேண்டும், உடனே தேனிக்குப் போக வேண்டும் என்றார். அப்பா கண்ணைத் திறந்தார்.

"அப்ப மாதா குடுத்தது இல்லையா?"

எதற்கும் வாய்ச்சண்டைக்கு நிற்கும் மனுஷி, கட்டின் நுனியை ஒருதரம் சரிசெய்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"பேத்தி பொழைச்சது மாதா குடுத்ததுண்ணே. இது சக்கரை குடுத்தது."

அப்பா எழுந்தார். கட்டுப்போட்ட காலோடு, வெறும் மண்ணில் ஊன்றி, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அத்தனை பேர் முன்னால் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"இதப் பக்குவமாச் சொல்லியிருக்கக் கூடாதா சிஸ்டர்? அவருக்கு இருக்கறதே அந்த ஒண்ணுதான்!"

"காலும் ரெண்டு இருக்கு தாயி," என்றார். "இப்போதைக்கு."

நாலே நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டுத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது. இனிமேல் கட்டிலிலிருந்து குளியலறைக்குக்கூடச் செருப்பில்லாமல் போகக் கூடாது, இன்னொரு புண் வந்தால் காலே போய்விடும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பட்டை வைத்த மெத்தென்ற கறுப்புச் செருப்பு ஒன்று கொடுத்தார்கள். அப்பா அதைக் காலில் மாட்டியபோது குற்றம் செய்தவரைப்போலத் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குள் போகவில்லை. செருப்போடு உள்ளே போவதை எங்கள் ஊரில் யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். செருப்பில்லாமல் போக டாக்டர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புக் குவியலுக்கு அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மைக்கில் பூசை கேட்பார். பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம், அந்த நன்மையை வாங்கமாட்டார். சொன்ன சொல்லை மீறியவனுக்கு எதற்கு நன்மை என்பார். பங்குச்சாமியே வந்து, செருப்போடு வாருங்கள், மாதாவிடம் வேண்டிக்கொண்ட நேர்ச்சையையும் செபமாலையாக மாற்றித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார்.

"புள்ள உசுருக்குச் சொன்ன சொல்லு சாமி. சில்லறை மாத்துற மாதிரி மாத்த முடியுமா?"

ஆடி மாதம் பெட்டியைத் துடைக்கும்போது புதுக் காவி வேட்டி ஒன்று மடித்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு ஒளிக்கவில்லை. ஆவணியில் கிளம்புகிறேன், வெறுங்காலில்தான் என்றார். நான் கத்தினேன், காலில் விழுந்தேன். "நீ என்னத்தையும் சொல்லு. போகாமவிட்டுப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எங்கன போயி நிப்பேன்?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டதுதான் என்னை அறுத்தது. மறுநாள் மடத்துக்கு ஓடினேன். "போகாதீகன்னு சொல்ல எனக்கே முழு மனசு வரல சிஸ்டர். புள்ள மொகம் வந்து நிக்குது. எங்கப்பன் செத்தாலும் பரவாயில்லன்னு நெனைக்கிறேனா நான்? நான் என்ன பொம்பள?" என்று அழுதேன். சிஸ்டர் என்னைத் தேற்றவில்லை, புத்தியும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஞாயிறு பூசை தொடங்கியதும் அவர் உள்ளே போகவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கடைசிப் பெஞ்சில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"அண்ணே, அந்த நேர்ச்சைய எனக்குக் குடுங்க. நான் நடக்கேன். வெறுங்காலோட."

"உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்? இந்த வயசுல?"

"மடத்து மதர்கிட்ட உத்தரவு வாங்கிட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான் நடப்பேன். ஆனா சும்மா இல்ல. நீங்களும் எனக்காக ஒண்ணு செய்யணும். வாராவாரம் செருப்போட உள்ள வந்து நன்மை வாங்கணும்."

"ஊரே பாக்குமே சிஸ்டர். அது அவமானம்."

"ஆமாண்ணே. அதான் உங்க நேர்ச்சை."

பிரசங்கம் முடிந்தது, காணிக்கை முடிந்தது. நன்மைக்கு வரிசை நகரத் தொடங்கியபோது அப்பா எழுந்தார். நடுப்பாதையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. தலைகள் திரும்பின. அப்பா கூப்பிய கையோடு, காது மடல் சிவக்க, பீடம்வரை போய் நன்மை வாங்கித் திரும்பினார்.

ஆவணியில் சிஸ்டர் எங்கள் ஊர்க்காரர்களோடு கிளம்பினார். அப்பா ஊர் எல்லைவரை போய் வழியனுப்பினார். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் வானத்தைப் பார்ப்பதும் போன் போடச் சொல்வதுமாக என் உயிரை எடுத்துவிட்டார். "அங்கன வெயிலா? ரோடு எப்படி இருக்காம்? கல்லுக் கெடக்காமா?" போனவர்கள் சிஸ்டரைப் பற்றிப் புலம்பினார்கள். தங்குகிற இடத்திலெல்லாம் ஒருத்தரையும் சாப்பிட விடாமல், வரிசையில் நிறுத்திக் கால் பார்த்திருக்கிறார்.

திரும்பி பஸ்ஸில் வந்தார்கள். கோயில் வாசலில் சிஸ்டர் இறங்கியபோது காலை ஊன்ற முடியவில்லை. இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து பந்தலில் உட்காரவைத்தார்கள். அப்பா பேசினில் வெந்நீரோடு காத்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் சிஸ்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணாண்ணே, நான் பாத்துக்கிருவேன்."

"எனக்காக நடந்த காலு. எனக்குப் பாத்தியமில்லையா?" என்றார் அப்பா.

சிஸ்டர் காலை நீட்டினார். அப்பா கழுவினார். கொப்புளங்கள் உடைந்திருந்தன, குதிகால் உரிந்திருந்தது. துண்டால் ஒற்றி, பெருவிரலைப் பிடித்து முதல் அருள்நிறைந்த மரியே சொன்னார். சிஸ்டர் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார்.

"வலிக்குதா சிஸ்டர்?"

"வலிக்குதுண்ணே."

அடுத்த விரலுக்குப் போனார். அங்கேயும் கேட்டார். அங்கேயும் வலித்தது. ஒவ்வொரு விரலாகக் கேட்டுக்கொண்டே போனார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், கன்னத்தில் வழிந்த தண்ணீரோடு கடைசி விரலையும் சொல்லி முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல சேதி சொல்கிற டாக்டரைப்போலச் சொன்னார்.

"நல்ல காலுத்தா. ஒண்ணுவிடாமப் பத்தும் வலிக்குது."